கோயிலிலிருந்து ஐந்தாவது வீடு

அத்தியாயம் 7

"மேடம், நாம ஒரு ஆளோட சோத்துல மண்ணள்ளிப் போட்டாச்சு" என்றாள் லிபி, ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்பே.

ரத்னாபாய் கையிலிருந்த டீ கிளாஸைப் பெஞ்சின் மேல் வைத்தாள். சாலை பஜாரில் சனிக்கிழமைக் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டிருந்தது. மூட்டை சுமப்பவர்கள் வழி கேட்டுக் கத்தினார்கள். அந்தச் சத்தத்திலும் லிபி சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது.

"சுசீலாபாய்தானே?"

"அந்தம்மாதான். கார்ப்பரேஷன்காரர் வந்த அன்னைக்கு லீவு போட்டது மக ஸ்கூல்ல பி.டி.ஏ. மீட்டிங்குக்காக்கும். டீச்சரைப் பாத்துக் கேட்டுட்டு வாறேன். மீட்டிங்ல எழும்பி நின்னு, மத்தியானம் ஊத்துற உச்சைக் கஞ்சிக்குப் பயறு வேகலைன்னு ஹெட்மாஸ்டரையே ஒரு பிடி பிடிச்சிருக்கு. ஸ்கூல் மொத்தமும் சாட்சி. இதைவிட அடிபொளி அலிபி நம்ம கட்சிக்காரங்க யாருக்கும் கிடைச்சதில்ல மேடம்."

ரத்னாபாய்க்குச் சிரிப்பு வரவில்லை. பாறசாலையில் பிறந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் கிளெய்ம்களைத் துருவித் துருவியே நாற்பதைத் தாண்டி, இப்போது திருவனந்தபுரம் வலியசாலையில் தனியாகத் துப்பறியும் தொழில் நடத்துபவள். லிபி சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு வந்து சேர்ந்த உதவியாளர். படிப்பைத்தான் விட்டாளே தவிர, வாயை விடவில்லை.

இந்தக் கேஸ் பக்கத்து வீட்டுக் கௌசல்யாவுடையது. கணவர் போன பிறகு வீட்டிலேயே சமைத்து ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பி, மகளை என்ஜினியரிங் படிக்க வைப்பவள். குடியிருப்புத் தெருவில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவாகத் தொழில் நடப்பதாக யாரோ கார்ப்பரேஷனில் புகார் சொல்ல, நோட்டீஸ் வந்துவிட்டது. திங்கட்கிழமை ஹியரிங். அதில் சரியான பதில் சொல்லாவிட்டால் அடுப்பை மூட வேண்டியதுதான். போட்டுக்கொடுத்தது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி அவள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தாள்.

ரத்னாபாய் ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் தீர்ப்பு சொல்லிவிட்டாள். இன்ஸ்பெக்டர் வந்த அன்று வேலைக்கு வராமல் இருந்தது யார்? காய் நறுக்கும் சுசீலாபாய். அப்படியானால் அவளேதான். கௌசல்யா மறு பேச்சுப் பேசாமல், அழுதுகொண்டே, சுசீலாபாயை இனி வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். ஒரு காபி நேரத்தில் ஒருத்தியின் பிழைப்பைக் கெடுத்தாகிவிட்டது.

"அதோ நம்ம சார்" என்றாள் லிபி.

கௌசல்யாவுக்கு நோட்டீஸ் கொடுத்த ஹெல்த் இன்ஸ்பெக்டர் அபின் ஒரு பலகாரக் கடையைச் சோதனை போட்டுவிட்டு, மீசையைத் துடைத்தபடி வந்துகொண்டிருந்தார். பாறசாலைக்காரர். ரத்னாபாயின் ஊர் என்பதால் நின்றார்.

"பேரு மட்டும் கேக்காதீங்க மேடம். சொன்னா என் வேலை போயிரும்."

"பேரு வேண்டாம் தம்பி. என்ன சொன்னாங்கன்னு சொன்னாப் போரும்."

அபின் டீக்குச் சொல்லிவிட்டு யோசித்தார். "ஃபோன்லதான் வந்தது. பொம்பளைக் குரல். தெற்கு வரிசையில கோயில்ல இருந்து அஞ்சாவது வீட்டுல ஏதோ தொழில் நடக்குன்னாங்க. ஞாயித்துக்கிழமையானா யாரு யாரோ வந்து போறாங்க, வண்டி நின்னு வழி அடைக்குது. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க. உள்ள போற பொம்பளைங்க வெளிய வரும்போ அழுதுகிட்டு வருதாம்."

"டி.சி. நம்பர் சொன்னாங்களா?" கார்ப்பரேஷன் வீட்டுக்கு வீடு கொடுத்திருக்கும் இலக்கத்தைத்தான் கேட்டாள்.

"அந்தத் தெருவுல பழைய டி.சி. ஒண்ணு, புது டி.சி. ஒண்ணு. பாதி வீட்டுல ரெண்டும் அழிஞ்சு போச்சு. நான் கோயில்ல இருந்து வாசல் வாசலா எண்ணிக்கிட்டுப் போனேன். அஞ்சாவது வாசல்ல எட்டிப் பாத்தா அண்டா, குண்டான், கேஸ் சிலிண்டர். பின்னே நான் வேற எங்க போய்த் தேடணும்?"

"அவகிட்ட லைசென்ஸ் இருக்கே?"

"இருக்கு. வீட்டுல ஒரு பங்கை எடுத்துச் சின்னதாத் தொழில் பண்ணட்டும், யாரு வேண்டாங்குது? ஆனா பக்கத்துல இருக்கவங்களுக்குச் சல்லியம், தொந்தரவு இருக்கப்பிடாது. வீடு வீடா இருக்கணும், கடைத்தெருவா மாறப்பிடாது. புகார் வந்தா விளக்கம் கேட்டே ஆகணும் மேடம்."

"பொம்பளைங்க அழுதுகிட்டுப் போறது எந்தச் சட்டத்துல குத்தம் சாரே?" என்று லிபி புகுந்தாள். "அப்படின்னா முதல்ல கல்யாண மண்டபத்துக்கெல்லாம் நோட்டீஸ் குடுக்கணும்."

அபின் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்குள் நுழைந்தார். அங்கே அவசர அவசரமாக எதையோ மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

ஸ்கூட்டர் ஆரியசாலையைத் தாண்டும்போது லிபி தலையைத் திருப்பிக் கத்தினாள். "அழுகைக்குக் காரணம் கிடைச்சாச்சு மேடம். வெங்காயம்! கிலோ கணக்குல வெங்காயம் நறுக்கினா யாருக்கானாலும் கண்ணுல தண்ணி வரும். கேஸ் குளோஸ்."

"ரோட்டைப் பாத்து ஓட்டு" என்றாள் ரத்னாபாய். "அந்தக் குரல் என்ன சொன்னதுன்னு விடு. என்ன சொல்லலைன்னு பாத்தியா? சமையக்கட்டைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. தாளிக்கிற நெடி, புகை, எச்சில் தண்ணி, கிரைண்டர் சத்தம், எதுவும் இல்ல. சமைக்கிற வீட்டைப் பத்தி புகார் சொல்லுறவ மூக்கைப் பொத்திக்கிட்டா பேசுவா?"

"ஒருவேளை ஜலதோஷமா இருக்கும்."

ஆனாலும் லிபி வண்டியின் வேகத்தைக் குறைத்துவிட்டாள். யோசிக்கிறாள் என்று அர்த்தம்.

கௌசல்யா கொல்லைக் குழாயடியில் தன்னந்தனியாக உட்கார்ந்து அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. இவர்களைப் பார்த்ததும் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கோ சேச்சி. லிபி, நீயும் வா. ஒரு வாய் ரசஞ்சாதம் சாப்பிடறேளா? மிச்சம் இருக்கு."

"அதெல்லாம் வேண்டாம். ஒரு கேள்வி. நாள் ஒண்ணுக்கு எவ்வளவு வெங்காயம் நறுக்குவீங்க?"

"வெங்காயமா? சிவசிவா!" கௌசல்யா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "என்னோட சாப்பாட்டுல வெங்காயம், பூண்டு ரெண்டும் கிடையாதே. அதுக்காக்கும் ஆர்டரே வரது."

லிபி மெதுவாக ரத்னாபாயின் காதருகே வந்து, "கேஸ் ஓப்பன்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு யாரு வருவா?"

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் உண்டோ? அடுப்பே மூட்ட மாட்டேன். கார்த்தாலே ஆத்தைப் பூட்டிண்டு கரமனையில அக்காகிட்டப் போயிடுவேன். விளக்கு வச்சப்பறம்தான் திரும்புவேன்." கௌசல்யா இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "சுசீலா இல்லாம கை ஒடிஞ்சாப்போல இருக்கு சேச்சி. ஆனா நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும். இத்தனை வருஷம் கூட இருந்துட்டு இப்படிப் பண்ணிட்டாளேன்னு நினைச்சாத்தான் மனசு ஆறலை."

உண்மை ரத்னாபாயின் தொண்டை வரை வந்தது. ஆளைக் கையோடு பிடித்துவிட்டுச் சொல்லலாம் என்று விழுங்கிக்கொண்டாள். தப்பை ஒப்புக்கொள்வதைத் தள்ளிப்போட இந்தச் சாக்கு வசதியாக இருந்தது. அது அவளுக்கே தெரியவும் தெரிந்தது.

வெளியே வந்ததும் லிபி விரலை மடக்கினாள். "ஞாயித்துக்கிழமை வீடு பூட்டு. பூட்டின வீட்டுக்குள்ள போயி யாரு மேடம் அழுதுட்டு வருவா? ஃபோன் பண்ணினது முழுப் பொய்."

"பொய் சொல்லுறவளுக்குக் கௌசல்யா மேல என்ன விரோதம்? அதைப் பிடிச்சா ஆளும் கிடைப்பா. தெருவுக்குள்ள இருக்கவதான். ஞாயித்துக்கிழமை யாரு வாறா, யாரு போறான்னு உக்காந்து பாக்க நேரம் உள்ளவ."

இருவரும் ஒரே நேரத்தில் எதிர் வரிசையைப் பார்த்தார்கள். நேர் எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு கை அவசரமாகத் திரைச்சீலையை இழுத்து விட்டது.

அது விஜயம் மாமியின் வீடு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கதவைத் தட்டினால் திறக்கத் தாமதமாகும் என்று நினைத்தார்கள். தட்டுவதற்கு முன்பே திறந்துகொண்டது.

"நீங்க வருவேள்னு தெரியும்" என்றாள் மாமி. குரல் கம்மியிருந்தது. ரத்னாபாயின் முகத்தைப் பார்க்கவில்லை. "உக்காருங்கோ. ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்லை. நான்தான் ஃபோன் பண்ணினேன்."

இவ்வளவு சுலபமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஆளை ரத்னாபாய் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. கேட்க வைத்திருந்த கேள்வியெல்லாம் வீணாகிவிட்டது. கோபம்தான் மிச்சமிருந்தது.

"ஏன் மாமி இப்படிச் செஞ்சீங்க? தனியா நின்னு பொழைக்கிற பொம்பளை. அவ வயித்துல அடிக்கலாமா?"

"நான் என்ன பண்ணட்டும்? நேர்ல கேக்கத் தைரியம் வரலை. போலீஸுக்குச் சொன்னா தெருவுக்கே பேர் கெட்டுடும். கார்ப்பரேஷன்ல சொன்னா வந்து என்ன ஏதுன்னு பாத்துட்டுப் போவான்னு நினைச்சேன்." மாமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "போன ஞாயித்துக்கிழமை ஒரு பொண்ணு, பச்சை சுடிதார். உள்ள போறச்சே நன்னாத்தான் போனா. வெளில வந்தவளுக்கு நடக்க முடியலை. என்னாத்துப் படியில உக்காந்து தேம்பித் தேம்பி அழறா. ஜலம் கொண்டு குடுத்தேன். என்னடி குழந்தேன்னு கேட்டா வாயே திறக்கலை. அதுக்கு முன்னாடி வாரம் இன்னொருத்தி. எத்தனை நாள்தான் பாத்துண்டிருப்பேன்?"

பச்சை சுடிதார் என்றதும் ரத்னாபாய்க்குள் எதுவோ இடறியது. அது என்ன என்று பார்ப்பதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"கதை நல்லா இருக்கு மாமி. ஞாயித்துக்கிழமை அந்த வீடு பூட்டிக் கிடக்கும். அடுப்பே எரியாது."

"அடுப்பா?" மாமி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். "எந்த அடுப்பு?"

"கௌசல்யாவோட அடுப்புதான். உங்க ஃபோனாலதானே அதை மூடப் போறாங்க?"

"ஐயோ, கௌசல்யாவா? அந்தப் பொண்ணை நான் ஏன் சொல்றேன்? நான் சொன்னது அஞ்சாவது ஆத்தைன்னா!"

"அஞ்சாவதுதான் கௌசல்யா வீடு. நானே எண்ணினேன்."

"அவளோடது ஆறாவது." மாமி எழுந்து ஜன்னல் திரையை விலக்கினாள். கோயில் பக்கத்திலிருந்து எதிர் வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு. அடுத்து, சுற்றுச்சுவரும் உள்ளே புல்லும் மட்டுமாகக் கிடந்த வெறும் மனையிலும் அந்த விரல் நின்றது. "மூணு. மழையில விழுந்த ஆம். விழுந்துட்டா கணக்குல இல்லாம போயிடுமா? அவா பம்பாய்ல இருக்கா, கோயில்ல இன்னும் அவா பேருல பூஜை நடக்கறது. இந்தத் தெருவுல எல்லாரும் அதையும் சேர்த்துத்தான் எண்ணுவோம். நாலு. அஞ்சு."

விரல் ஐந்தில் நின்றது. மேலே நகரவில்லை.

லிபியும் எட்டிப் பார்த்து, முதலிலிருந்து ஒரு தடவை எண்ணினாள். அவள் விரலும் அதே வாசலில் நின்றது.

அந்த வாசலில் போர்டு கிடையாது. சென்னையிலிருக்கும் வீட்டுக்காரர் குடியிருக்க மட்டும்தான் என்று சொல்லித் தந்த வீடு என்பதால் போர்டு மாட்டவே இல்லை. லைசென்ஸும் எடுக்கவில்லை. கட்சிக்காரர்கள் முன்னறைக்கு வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். புருஷன் எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று தெரிந்துகொள்ள வருகிறவர்கள். அவன் வெளியே போயிருக்கும் நாள் பார்த்து, பிள்ளைகளை யாரிடமாவது விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார்கள்.

பச்சை சுடிதார்க்காரி ரத்னாபாயின் நினைவுக்கு வந்துவிட்டாள். கவரிலிருந்த படங்களை மேஜையில் பரப்பிக் காட்டிவிட்டு, "தைரியமா இருங்க" என்று சொல்லிக் கதவு வரை வந்து அனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு லிபியிடம் அடுத்த கேஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்தப் பெண் அதற்கப்புறம் எப்படி வீட்டுக்குப் போனாள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. எதிர்வீட்டு மாமி தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

"உங்களைப் பத்தி நான் தப்பா நினைக்கலை" என்றாள் மாமி, மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டு. "உள்ள என்ன நடக்கறதுன்னு தெரியாமத்தான்."

"நீங்க செஞ்சது சரி மாமி" என்றாள் ரத்னாபாய்.

தெருவுக்கு வந்ததும் லிபிக்குப் பேச்சுத் திரும்பியது. "மேடம், ஒரு வழி உண்டு. மாமி ஒரு ஃபோன் போட்டு, நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோங்கன்னு வாபஸ் வாங்கினாப் போரும். கௌசல்யா சேச்சியும் பொழைச்சுது, நாமளும் பொழைச்சோம். அஞ்சும் இல்ல, ஆறும் இல்ல."

நல்ல வழிதான். ரத்னாபாய்க்கு ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் மாமி வாபஸ் வாங்கினாலும், கௌசல்யாவின் கண்ணில் சுசீலாபாய் கடைசி வரை கோள்மூட்டியாகவே இருப்பாள். அதைச் சொன்னது யார்? தான்தான். பொய் சொல்லிப் பிழைக்கும் எத்தனையோ பேரைக் கூசாமல் மடக்கியிருக்கிறாள். இப்போது அந்த வரிசையில் போய் நிற்க அவளால் முடியவில்லை.

ஃபோனை எடுத்து அபினைக் கூப்பிட்டாள்.

"தம்பி, வாசலைத் தப்பா எண்ணிட்டீங்க. அந்தத் தெருவுல விழுந்த வீட்டையும் சேர்த்து எண்ணுவாங்களாம். அஞ்சாவது வீடு என்னோடது."

அந்தப் பக்கம் கடைவீதி இரைச்சலுக்கு நடுவே அபின் கேட்டார். "மேடத்துக்கு லைசென்ஸ் உண்டோ?"

"இல்ல."

"அப்போ நான் வந்து பாக்கணுமே மேடம்."

"வாங்க. திங்கக்கிழமை ஹியரிங்குக்குக் கௌசல்யாவுக்குப் பதிலா நான் வாறேன்."

லிபி ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வேலையும் சேர்ந்துதான் போகிறது. "லா காலேஜ்ல திரும்பச் சேத்துக்கிடுவாங்களான்னு விசாரிக்கணும்" என்றாள்.

கௌசல்யா இன்னும் குழாயடியிலேயே இருந்தாள். "யாருன்னு தெரிஞ்சுதா சேச்சி?"

"தெரிஞ்சுது."

"யாராக்கும்?"

"புகார் உங்க மேல இல்ல. என் மேல. நான் நடத்துற தொழிலு மேல. இன்ஸ்பெக்டர் வீடு மாறி உங்ககிட்ட வந்துட்டாரு. திங்கக்கிழமை நான் போயிச் சொல்லிருவேன், உங்க அடுப்புக்கு ஒண்ணும் வராது."

கௌசல்யா முதலில் சிரித்தாள், ஏதோ வேடிக்கை என்று நினைத்து. அப்புறம் கும்பிடுவதற்குக் கையைக் கூப்பினாள். கூப்பிய கை பாதியில் நின்றது.

"அப்போ சுசீலா?"

ரத்னாபாய் ஒழுகிக்கொண்டிருந்த குழாயைத் திருகி மூடினாள்.

"அவளை நான் என்னத்துக்கு விரட்டினேன் சேச்சி? வாசல்ல நின்னுண்டு, நான் பண்ணலை அக்கா, நான் பண்ணலைன்னு சொன்னாளே. நீங்க சொன்னேள்னுதானே நான் கதவைச் சாத்தினேன்?"

"நான் சொன்னது தப்பு. யோசிக்காமச் சொல்லிட்டேன். வாங்க, அவகிட்டப் போவோம்."

கௌசல்யா ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டு அப்படியே கிளம்பிவிட்டாள். லிபி ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "மூணு பேரு ஏறினா அதுவும் சட்டப்படி குத்தம்" என்று சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

கிள்ளிப்பாலத்துக்குப் பக்கத்தில், வண்டி நுழையாத ஒரு சந்துக்குள் சுசீலாபாய் வாடகைக்கு இருந்தாள். சந்து முனையிலேயே தேங்காயெண்ணெய் வாசனை வந்தது. கதவு திறந்துதான் கிடந்தது. ஒற்றை அறையில் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த இடத்தில் அடுப்பை வைத்திருந்தாள். தினசரித்தாள் விரித்த முறம் நிறைய பருப்பு வடை. பக்கத்தில் கடைக்குக் கொடுக்கக் கட்டி வைத்த பொட்டலங்கள். அவளுடைய மகள் இன்னும் கட்டிக்கொண்டிருந்தாள்.

வாசலில் நிழல் விழவும் சுசீலாபாய் திரும்பிப் பார்த்தாள். கௌசல்யாவை அவள் பார்க்கவே இல்லை. ரத்னாபாயைத்தான் பார்த்தாள். சட்டென்று அடுப்பை அணைத்தாள். தோளிலிருந்த துண்டை எடுத்து முறத்தின் மேல் போட்டு மூடினாள். மகளைத் தன் பின்னால் இழுத்து நிறுத்திக்கொண்டாள்.

"இது விக்கதுக்கு இல்ல மேடம்" என்றாள். "எங்க வீட்டுக்குத் திங்கதுக்காக்கும். சத்தியமா மேடம், கார்ப்பரேஷன்ல சொல்லிராதீங்க."